சாயத் தொட்டிக்கும் ஓர் ஐந்தொகை

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் நாம், எந்தச் சங்கத்திலும் முதலில் கேட்பது ரொக்கப் புத்தகத்தைத்தான். பெட்டியில் உள்ள பணமும் புத்தகத்தில் உள்ள இருப்பும் ஒரு ரூபாய் வேறுபட்டாலும் காரியதரிசியின் முகம் வாடிவிடுகிறது. அந்த ஒரு ரூபாய் கண்டுபிடிக்கப்படும் வரையில் எவரும் உணவுக்கு எழுந்திருப்பதில்லை. இது போற்றத் தகுந்த பழக்கமே. அங்கத்தினரின் பணம் புனிதமானது என்ற எண்ணம் இருக்கும் வரையில் கூட்டுறவு வாழும்.

ஆனால் அதே சங்கத்தின் பின்கட்டில் சாயப்பட்டறை இருக்கிறது. அங்கே சென்று, “இன்று எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாயிற்று? உப்பு எவ்வளவு போட்டீர்கள்? அந்த உப்பு இப்பொழுது எங்கே இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைப்பது அரிது. தண்ணீரும் உப்பும் விறகும் அங்கத்தினரின் உடைமை அல்லவா? அவற்றுக்குக் கணக்கு வேண்டாமா? இக்கேள்வியை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிறரைக் குறை கூறுவதற்கு முன் நம்முடைய குறையையே முதலில் கூறிவிடுகிறோம்.

நாம் எழுதத் தவறிய ஓர் எண்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நெசவாளர் சங்கத்தில் அரக்கு வண்ணக் கரை போட்ட சேலைகள் விற்பனை நிலையத்திலிருந்து திரும்பி வந்தன. நெசவில் குற்றம் இல்லை. ஒரு சிப்பத்தின் கரைக்கும் மறு சிப்பத்தின் கரைக்கும் வண்ணம் ஒத்திருக்கவில்லை என்பதே காரணம். நெய்தவர்கள் நூலைக் குறை கூறினார்கள். நூல் வாங்கியவர்கள் சாயத்தைக் குறை கூறினார்கள். நிர்வாகக் குழுவினர் சாய மேஸ்திரியைக் குறை கூறினார்கள். முப்பது ஆண்டுகள் தொட்டியருகே நின்று கைகள் கறுத்த அந்த முதியவர், “ஐயா, எப்பொழுதும் போடும் சாயம், எப்பொழுதும் போடும் உப்பு, ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இருப்புப் பதிவேடும் அதையே சொல்லிற்று. ஆனால் அந்த ஆண்டில் ஒழுகிப்போன பழைய தொட்டியை எடுத்துவிட்டுப் புதுத்தொட்டி வைத்திருந்தார்கள். நாடாவைக் கொண்டு அளந்து பார்த்தோம். பழைய தொட்டியில் வழக்கமாக நிரப்பிய தண்ணீர் 400 லிட்டர். புதுத் தொட்டியில் அதே விளிம்பு அடையாளம் வரை நிரப்பினால் 500 லிட்டர். 20 கிலோ உப்பை 400 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 50 கிராம். 500 லிட்டரில் கரைத்தால் 40 கிராம். சோடாவும் அவ்வாறே 20 கிராமிலிருந்து 16 கிராமாக இறங்கிவிட்டது. சாயமும் கூடுதலான தண்ணீரில் பரந்துவிட்டது. வண்ணம் வெளிறியதில் வியப்பென்ன?

அந்தத் தொட்டி வாங்கிய செலவை அதற்கு முந்தைய ஆய்வில் சரிபார்த்தவர் நாமே. சொத்துப் பதிவேட்டில் “தொட்டி 1” என்று கண்டு, விலைப் பட்டியலோடு ஒப்பிட்டு, சரி என்று கையொப்பம் இட்டோம். அதன் விலை ஏட்டில் இருந்தது, கொள்ளளவு இல்லை. அது எழுதப்பட வேண்டும் என்ற எண்ணமே நமக்குத் தோன்றவில்லை. பட்டம் பெற்றவர் நாம்; பழி சுமந்தவர் மேஸ்திரி. அன்று முதல் இப்பொருளைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தலைப்பட்டோம்.

கணக்கனும் இரசாயனியும்

இரசாயனப் பொறியியல் என்றதும், வானளாவிய கோபுரங்களும் குழாய்களும் உள்ள பெரிய ஆலைகளே நினைவுக்கு வருகின்றன. அதன் அடிப்படையோ எந்தச் சங்கக் காரியதரிசிக்கும் தெரிந்த ஒன்றுதான். உள்ளே வந்தது எவ்வளவோ, அவ்வளவும் வெளியே சென்றிருக்க வேண்டும். அன்றேல் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். வரவு, செலவு, இருப்பு என்று நாம் சொல்வதையே அவர்கள் பொருட் சமநிலை என்கிறார்கள். பணத்துக்குப் பதில் கிலோ, அவ்வளவே வேறுபாடு.

பிரான்சு நாட்டு லவாசியே இத்தத்துவத்தைத் தம் இரசாயன நூலில் 1789-ஆம் ஆண்டில் தெளிவாக நிலைநாட்டினார். மாற்றம் எதுவாயினும், முன் இருந்த எடையும் பின் இருந்த எடையும் ஒன்றே என்பது அவர் கண்ட முடிவு. அவர் இரசாயனி மட்டும் அல்லர். வரி வசூல் குத்தகை நிறுவனத்தில் பங்காளியாக இருந்து கணக்குகளோடு பழகியவர். தராசை வைத்துக்கொண்டு இரசாயனத்துக்கு ஐந்தொகை போட்ட முதல்வர்களில் அவர் ஒருவர் என்றால் மிகையாகாது.

இத்துறை தனித்துறையாகப் பிறந்த இடம் நம் இயக்கத்துக்கு மிக நெருங்கியது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர்கள் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் 1844-ஆம் ஆண்டில் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்த வரலாறு யாவரும் அறிந்ததே. கலப்படமற்ற பண்டம், குறையாத நிறை, குறையாத அளவு என்பன அவர்கள் கொண்ட நெறிகள். அவ்வூரிலிருந்து சுமார் 10 மைல் தொலைவில் உள்ள மான்செஸ்டர் நகரில், 1880-களின் பிற்பகுதியில் ஜார்ஜ் டேவிஸ் என்பவர் இரசாயனப் பொறியியல் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை விரிந்து 1901-ஆம் ஆண்டில் நூலாக வந்தன. அந்த டேவிஸ் யார் தெரியுமா? நம்மைப் போல் ஓர் ஆய்வாளர்!

அக்காலத்தில் சலவைச் சோடா செய்யும் ஆலைகள் உப்பையும் கந்தகாமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சும்போது எழும் ஹைடிரோகுளோரிக் அமில ஆவியைப் புகைபோக்கி வழியே விட்டுவந்தன. சுற்றுப்புறத்துப் பயிரும் மரமும் கருகின. 1863-ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஒரு சட்டம் இயற்றிற்று. எழும் ஆவியில் 100-க்கு 95 பங்கு தண்ணீரில் கரைத்துப் பிடிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. அவ்விதி சரியாக நடக்கிறதா என்று ஆலை ஆலையாகச் சென்று அளந்து பார்த்த ஆய்வாளர்களில் ஒருவராகப் பின்னாளில் பணியாற்றியவர் டேவிஸ். பல ஆலைகளைப் பார்த்த அனுபவமே, தொழில் வேறாயினும் அடிப்படை வேலைகள் ஒன்றே என்ற எண்ணத்தை அவருக்குக் கொடுத்தது.

பிடிக்கப்பட்ட அமிலம் என்னவாயிற்று? அதிலிருந்து குளோரின் எடுத்து, சுண்ணாம்போடு சேர்த்துச் சலவைத் தூள் செய்தார்கள். நூலை வெளுக்க நெசவாளர் பயன்படுத்தும் அதே தூள்தான்! பயிரை அழித்த புகை துணியை வெளுக்கும் சரக்காயிற்று. அளக்கத் தொடங்கிய பிறகே இழப்பு எவ்வளவு என்பது தெரிந்தது. தெரிந்த பிறகே அதை வருமானமாக்கும் எண்ணம் வலுப்பெற்றது.

20 கிலோ நூலின் கதை

இத்தத்துவத்தை நம் சாயத் தொட்டியில் வைத்துப் பார்ப்போம். பருத்தி நூலுக்கு இன்று பெரும்பாலும் வினைச் சாயங்களைப் பயன்படுத்துகிறோம். 1954-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரேட்டீ, ஸ்டீபன் என்ற இருவர் கண்டுபிடித்து, 1956-இல் சந்தைக்கு வந்தவை இவை. காரம் சேர்ந்த நீரில் இச்சாயம் நூலோடு பிணைந்துவிடுகிறது. ஆகையால்தான் எளிதில் வெளுப்பதில்லை. ஆனால் நூலோடு பிணைவதைப் போலவே அது தண்ணீரோடும் பிணைந்துவிடும். தண்ணீரோடு பிணைந்தது பிறகு எத்தனை நேரம் வைத்திருந்தாலும் நூலுக்கு உதவாது.

20 கிலோ நூலுக்கு, நூலின் எடையைப் போல் 20 மடங்கு தண்ணீர் என்று 400 லிட்டர் வைப்போம். நூலின் எடையில் 100-க்கு 3 பங்கு சாயம் என்றால் 600 கிராம். உப்பு 20 கிலோ. சோடா 8 கிலோ. சாயமிட்ட பின் 400 லிட்டர் வீதம் ஐந்து முறை அலசினால் 2,000 லிட்டர்.

இனிச் செலவுப் பக்கம் பார்ப்போம். 600 கிராம் சாயத்தில் 100-க்கு 70 பங்கு நூலில் ஏறியது என்று கொண்டால் 420 கிராம் நூலில். 180 கிராம் சாக்கடையில். உப்பு என்ன ஆயிற்று? உப்பு நூலோடு பிணைவதில்லை. சாயத்தை நூலை நோக்கி உந்துவதே அதன் வேலை. வேலை முடிந்ததும் முழுவதும் நீரிலேயே நிற்கிறது. சோடாவிலிருந்து வரும் காரப் பொருளும் அப்படியே. ஆக 28 கிலோ உள்ளே சென்றது. ஏறத்தாழ 28 கிலோவும் வெளியே வந்துவிட்டது. இந்த 28 கிலோ 2,400 லிட்டரில் கரைந்திருக்குமானால், லிட்டருக்கு 11,600 மில்லிகிராமுக்கு மேல். தமிழ்நாட்டில் வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த பொருளுக்கு விதித்த எல்லை 2,100 மில்லிகிராம். எல்லையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நிற்கிறோம்!

நாளொன்றுக்கு ஒரு தொட்டி, மாதத்துக்கு 25 நாள் என்றால் ஆண்டுக்கு 300 தொட்டி. 8,400 கிலோ உப்பும் சோடாவும். எட்டு டன்னுக்கு மேல் விலை கொடுத்து வாங்கி, ஒரு கிராமும் துணியில் தங்காமல், ஊர் மண்ணில் கொட்டுகிறோம். எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலாவது இந்த வரி இருக்கிறதா?

“இன்னும் தண்ணீர் கலந்துவிட்டால் எல்லைக்குள் வந்துவிடுமே” என்று கூறுவோர் உண்டு. 28 கிலோவை 2,100 மில்லிகிராமுக்கு இறக்க, உப்பே இல்லாத நீராயினும் 13,000 லிட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு நல்ல நீரை வீணாக்கிய பிறகும் மண்ணில் சேரும் உப்பு அதே 28 கிலோதான். கடனை நான்கு பேரேடுகளில் பிரித்து எழுதினால் கடன் குறையுமா?

பிழிதலின் மதிப்பு

அளந்து பார்த்தால் வழியும் தெரிகிறது. சாயம் ஏறியதும் நூலைச் சொட்டச் சொட்டத் தூக்கி அலசு தொட்டியில் போடுகிறோம். 20 கிலோ நூல் 40 லிட்டர் சாய நீரைத் தன்னோடு கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் லிட்டருக்கு 70 கிராம் உப்பும் சோடாவும். 400 லிட்டரில் அலசினால் அலசிய நீரில் லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் நிற்கும். அதே நூலை முதலில் நன்றாகப் பிழிந்து, 20 லிட்டர் மட்டும் தங்கச் செய்தால் 3⅓ கிராம்தான். இரண்டாவது முறையும் இவ்வாறே செய்தால், பிழியாததில் 0.6 கிராம், பிழிந்ததில் 0.16 கிராம். பிழிதல் என்பது கைவேலைதான். ஆனால் அது ஒரு தொட்டி தண்ணீருக்கு ஈடாகிறது. நூலில் ஒட்டிய பிணையாச் சாயம் போகச் சூடான சோப்பு நீர் தனியே வேண்டும் என்பது உண்மை. உப்பைப் பொறுத்த வரையில் கணக்கு இதுவே.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று இக்கணக்கிலேயே மறைந்து கிடக்கிறது. பிழிந்த பிறகு முதல் தொட்டியில் நிற்பது 380 லிட்டர். அதில் உள்ளது 26.6 கிலோ. மொத்தம் 28 கிலோவில் இது 100-க்கு 95 பங்கு! கழிவுநீர் 2,400 லிட்டர் என்று மலைக்கிறோமே, அதில் 380 லிட்டர்தான் உண்மையான உப்பு நீர். அதை மட்டும் வேறு தொட்டியில் பிரித்து வைத்தால், எஞ்சிய 2,000 லிட்டரில் நாம் சேர்த்த உப்பு லிட்டருக்கு 700 மில்லிகிராம்தான். கிணற்று நீர் நல்ல நீராக இருந்தால் இந்த நீர் எல்லைக்குள் நிற்கக் கூடும். நிறமும் காரமும் நீக்கினால் மறுபடி பயன்படுத்தவும் கூடும். கடைசி அலசலின் நீரை மறுநாள் முதல் அலசலுக்கு வைத்துக்கொண்டால் இன்னும் மிச்சம். தூய நூல் தூய நீரையும், அழுக்கு நூல் அழுக்கு நீரையும் சந்திக்க வேண்டும் என்பதே இதன் விதி. எதிரோட்ட முறை என்று இதற்குப் பெயர்.

தண்ணீரையே குறைக்கவும் வழி உண்டு. நூலுக்கு 20 மடங்கு என்பதை 15 மடங்காக்கித் தொட்டியைச் சரிசெய்தால், 300 லிட்டருக்கு உப்பு 15 கிலோ, சோடா 6 கிலோ போதும். ஒரு தொட்டிக்கு 7 கிலோ மிச்சம். ஆண்டுக்கு 2,100 கிலோ. தண்ணீர் குறைந்தால் சாயம் நூலைச் சேர்வதும் கூடுகிறது. சூடும் குறைகிறது. 400 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 12,000 கிலோ கலோரி வேண்டும். 300 லிட்டருக்கு 9,000 போதும். உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தருவதால், 12,000 கலோரிக்கு மூன்றரைக் கிலோ விறகே போதும் என்று கணக்குச் சொல்லும். திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேருமாயின் 34 கிலோ எரிக்கிறோம். எஞ்சியது கூரையைச் சூடாக்குகிறது.

வெல்லக் கொப்பரையும் இதே பாடம் சொல்கிறது

இதுகாறும் நெசவாளருக்கே சொன்னோம் என்று பயிர் செய்யும் அங்கத்தினர்கள் எண்ண வேண்டா. அமெரிக்காவில் ஆர்தர் லிட்டில் என்பவர் 1915-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். காய்ச்சுதல், வடித்தல், கரைத்தல், உலர்த்தல் போன்ற சில அடிப்படைச் செயல்களே எல்லா இரசாயனத் தொழில்களிலும் மாறி மாறி வருகின்றன என்பது அது. வெல்லம் காய்ச்சுகிறவரும் சாய நீரை வற்ற வைக்கிறவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

100 கிலோ கரும்புச் சாற்றில் பிரிக்ஸ் மானி 18 காட்டினால், 18 கிலோ கரைந்த பொருள் இருக்கிறது என்பது பொருள். வெல்லத்தில் 100-க்கு 90 பங்கு திடப்பொருள் எனில், அழுக்கை எடுப்பதில் போவது நீங்கலாக, 20 கிலோ வெல்லம் கிடைக்கலாம். அப்படியானால் 80 கிலோ தண்ணீர் ஆவியாகியிருக்க வேண்டும். ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். கொதிக்கும் அந்த நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். கொப்பரை கொதிக்கத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்; செலவு அங்கேதான் தொடங்குகிறது.

நியூ ஆர்லியன்சு நகரில் பிறந்த நார்பர்ட் ரில்லியூ என்ற கறுப்பின மரபினர் இதற்கு ஒரு வழி கண்டு 1843-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். முதற் கலத்தில் எழும் ஆவியை வீணே விடாமல், காற்றழுத்தம் குறைந்த இரண்டாம் கலத்தைச் சூடாக்க அனுப்பினார். அதன் ஆவியை மூன்றாம் கலத்துக்கு அனுப்பினார். ஒரே சூடு பல முறை உழைத்தது. நம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் வரிசையாக நிற்கும் காய்ச்சு கலங்கள் அவர் வழி வந்தவை. சாயக் கழிவை வற்ற வைக்கும் யந்திரங்களும் அவ்வழி வந்தவையே.

ஆகவே இப்பொழுது நம் சாயப்பட்டறைக் கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். கொதிநிலையை அடைந்த 2,400 லிட்டரை ஆவியாக்க மட்டும், ஒன்றுமே வீணாகாவிட்டாலும் 370 கிலோ விறகு வேண்டும். பிரித்து வைத்த 380 லிட்டருக்கு 59 கிலோ போதும். வெயிலில் ஆற விடுவதானால், ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 5 லிட்டர் ஆவியாகும் என்று கொண்டால், முன்னதற்கு 480 சதுர மீட்டர் தளம் வேண்டும்; பின்னதற்கு 76. உப்பு நீர் சற்று மெதுவாகவே ஆவியாகும். மழைக்காலத்துக்குச் சேமிப்புத் தொட்டியும் வேண்டும். இருப்பினும் 480 எங்கே, 76 எங்கே? ஒரு சிறு சங்கத்தால் முடியாது என்பதற்கும் முடியும் என்பதற்கும் உள்ள இடைவெளி இதுவே.

நொய்யல் கற்பித்தது

அளக்காமல் விட்டால் நேர்வது என்ன என்பதற்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. அணை நீர் பயிருக்கு உதவாமல் போயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். கழிவே வெளியேறாத நிலை எய்தும் வரையில் சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. குடும்பங்கள் பல வேலையிழந்தன. பின்னர், சவ்வு வழி வடித்தலும் வற்றக் காய்ச்சுதலும் கொண்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்செய்யப்பட்டு, நீரையும் உப்புக் கரைசலையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது.

அங்கே நெசவுத் தொழிலும் வேளாண்மையும் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றன. நம் சங்கங்களிலோ நெய்கிறவரும் பயிரிடுகிறவரும் ஒரே ஊரினர். பல வீடுகளில் அண்ணன் தறியில், தம்பி வயலில். அண்ணன் கொட்டும் உப்பு தம்பியின் கிணற்றில் ஊறுகிறது. இருவரும் கூடிப் பேச ஒரு மகாசபை நமக்கு இருக்கிறது. அதில் பேசுவதற்கு எண்கள் மட்டுமே இல்லை. எண்கள் இல்லாத இடத்தில் ஒருவரையொருவர் பழிப்பதே பேச்சாகிவிடும்.

மறுப்புகளும் நம் விடையும்

“மேஸ்திரியின் கண்ணுக்கு மேல் கருவியா?” என்று கேட்பார்கள். அந்தக் கண்ணை நாமும் மதிக்கிறோம். ஈர நூலைப் பார்த்து உலர்ந்தால் என்ன வண்ணம் வரும் என்று சொல்லும் ஆற்றல் எந்தக் கருவிக்கும் எளிதில் வராது. ஆனால் உப்பு 50 கிராமா, 40 கிராமா என்பதைக் கண் காணாது. 55 டிகிரியா, 65 டிகிரியா என்பதை விரல் திட்டமாகச் சொல்லாது. முன் சொன்ன சங்கத்தில் ஓர் அளவுகோல் இருந்திருக்குமானால், அது முதலில் காப்பாற்றியிருப்பது மேஸ்திரியின் பெயரைத்தான்.

“சிறு சங்கத்துக்கு ஆய்வுக்கூடம் கட்ட முடியுமா?” என்பார்கள். ஆய்வுக்கூடம் வேண்டா. லிட்டர்க் குறியிட்ட ஒரு கோல், நல்ல தராசு, வெப்பமானி, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் மிதப்புமானி, பி.எச். தாள் ஆகிய ஐந்தும் போதும். பி.எச். என்பது 1909-ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் சோரன்சன் வகுத்த அளவு. 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம். ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறுகிறது என்பதை மறக்கலாகாது. சாயம் பிணையும்போது 11-ஐ ஒட்டி நிற்கும் நீரைச் சிறிது காரம் குறைந்ததுதானே என்று 10-இல் வெளியே விடுவோர், நடுநிலையைப் போல் ஆயிரம் மடங்கு காரத்தை விடுகிறார்கள்.

“இதெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை” என்போரும் உண்டு. வாரியம் வந்து அளக்கும்போது, நாம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறோம். நாமே அளந்தால், நம் வீட்டுக் கணக்கை நாமே பார்க்கிறோம். தன் கணக்கைத் தான் பார்ப்பதே கூட்டுறவின் உயிர் அல்லவா?

நம் துறையின் மீதும் குறை உண்டு. நாம் பார்வையிடச் செல்லும்போது நிரப்பும் படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. தொட்டியின் கொள்ளளவுக்கு ஒரு கட்டம் இருந்ததாக நமக்கு நினைவில்லை. யந்திரம் வாங்க மானியம் கேட்கும் தீர்மானங்கள் பல கண்டிருக்கிறோம். அளக்காத பட்டறைக்குப் புது யந்திரம் வந்தால், பழைய வீண்செலவு விரைவாக நடக்குமே அன்றிக் குறையாது. முதலில் அளவு, பிறகு மானியம் என்பதே நம் கருத்து.

ஆதலின் சாயப்பட்டறை உள்ள ஒவ்வொரு சங்கமும் ஒரு புதுப் பேரேடு திறக்க வேண்டும் என்று வேண்டுகிறோம். இடப்பக்கம் நூல், தண்ணீர், சாயம், உப்பு, சோடா, விறகு. வலப்பக்கம் சாயமேறிய நூல், பிரித்து வைத்த உப்பு நீர், அலசிய நீர். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வரி. அதில் சூடும் பி.எச். எண்ணும். மேஸ்திரி சொல்ல, இளைஞர் ஒருவர் எழுதலாம். மாத இறுதியில் இரு பக்கமும் கூட்டிப் பார்த்தால், ஒவ்வாத இடத்தில்தான் பணம் ஒழுகுகிறது. ஒழுகும் இடமும் அங்கேயே தெரியும்.

வரும் மகாசபையில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, இலாபம் எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. அதோடு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இவ்வாண்டு எத்தனை கிலோ உப்பு வாங்கினோம்? அது இப்பொழுது எங்கே இருக்கிறது?” தலைவரால் விடை சொல்ல முடிந்தால் கைதட்டுங்கள். முடியாவிட்டால், அடுத்த ஆண்டு விடை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகல் நம் ஆய்வுக் கோப்பிலும் இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது, ரொக்கப் பெட்டியைப் பார்த்த கையோடு நாமும் நாடாவை எடுத்துக்கொண்டு தொட்டியருகே வந்து நிற்போம்.